கண்ணுக்கும் திரைக்கும் நடுவே

2024 அக்டோபரில் மெட்டா நிறுவனம் குவெஸ்ட் 3எஸ் என்ற வி.ஆர். ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 299 டாலரில் தொடங்கியது. உள்ளே இருந்த சிப், ஓராண்டு முன்னதாக 499 டாலருக்கு வந்த குவெஸ்ட் 3-இல் இருந்த அதே சிப். ஆனால் கண்ணுக்கு முன்னால் வைத்திருந்த லென்ஸும் திரையும் 2020-இல் வந்த குவெஸ்ட் 2-இன் ரகம். வெளிவந்த ஆண்டை வைத்துப் பார்த்தால் மூன்றிலும் இதுதான் இளையது. மாட்டிப் பார்த்தால் அதில் பாதி நான்கு வயது மூத்தது.

ஊரடங்குக் காலத்தில் குவெஸ்ட் 2 வாங்கியவர்கள் உலகமெங்கும் நிறையப் பேர். இன்று அவர்கள் கையில் இருக்கும் பெட்டி நன்றாகவே ஓடுகிறது. ஆனால் கடையில் அடுத்தது வந்துவிட்டது, அதற்கடுத்ததும் வந்துவிட்டது. மாற்றலாமா என்று கேட்டால் யூடியூப் விமர்சகர்கள் எண்களை அடுக்குவார்கள். எண்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் அவை நம் தொல்லையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பழைய ஹெட்செட்டைக் கழற்றி வைக்கும்போது நாம் எதைத் திட்டுகிறோம்? எழுத்து மங்கலாகத் தெரிவதையா, குமட்டலையா, கழுத்து வலியையா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. அதில் சில இடங்களில்தான் புது ஹெட்செட் கைவைத்திருக்கிறது.

எண்களில் முதலில் வந்து நிற்பது பிக்ஸல். குவெஸ்ட் 2-இல் ஒரு கண்ணுக்கு 1832 × 1920. குவெஸ்ட் 3-இல் 2064 × 2208. பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 30 சதவீதம் அதிகம். ஆனால் கண் பிக்ஸலை எண்ணுவதில்லை, கோணத்தை அளக்கிறது. கண் மருத்துவர் 6/6 என்று எழுதித் தரும் பார்வை என்பது, ஒரு பாகையை அறுபது பங்காக்கி அதில் ஒரு பங்கைத் தனியாகப் பிரித்தறியும் பார்வை. அந்தக் கண்ணுக்கு ஈடுகொடுக்க ஒரு திரை பாகைக்கு 60 பிக்ஸல் காட்ட வேண்டும். கையில் பிடித்திருக்கும் போனை எடுத்துக்கொள்ளுங்கள். 7 செ.மீ. அகலத்தில் 1080 பிக்ஸல், 30 செ.மீ. தள்ளிப் பிடித்தால் அந்த அகலம் நம் பார்வையில் 13 பாகைதான் அடைக்கும். பாகைக்கு 80 பிக்ஸலுக்கு மேல். கண் தோற்றுவிடும், படம் வழவழப்பாகத் தெரியும். ஹெட்செட்டில் கிட்டத்தட்ட அதே அளவுள்ள திரையை லென்ஸ் 90, 100 பாகைக்கு இழுத்து விரிக்கிறது. போனில் வழிந்த பிக்ஸல் இங்கே பற்றாக்குறையாகிவிடுகிறது.

குவெஸ்ட் 2 தருவது பாகைக்குச் சுமார் 20. குவெஸ்ட் 3 தருவது 25. கண் மருத்துவமனைப் பலகைக் கணக்கில் சொன்னால் முதலாவதை மாட்டியவருக்கு 6/18 பார்வை, இரண்டாவதை மாட்டியவருக்கு 6/14-ஐ ஒட்டிய பார்வை. இருவரையுமே மருத்துவர் கண்ணாடி போடச் சொல்லித்தான் அனுப்புவார். 2024 பிப்ரவரியில் 3,499 டாலருக்கு வந்த ஆப்பிள் விஷன் ப்ரோ, இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 2.3 கோடிப் பிக்ஸல் வைத்திருந்தும், அளந்தவர்கள் கணக்குப்படி பாகைக்கு 34-ஐத்தான் ஒட்டி நிற்கிறது. அறுபதை எட்ட இன்னும் கிட்டத்தட்டப் பாதித் தூரம் இருக்கிறது. ஆகவே பிக்ஸல் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்பதற்காக மட்டும் மாறுகிறவர், கண்ணாடிப் பவரை ஒரு படி சரிசெய்துகொண்ட அளவு பலனை எதிர்பார்க்கலாம். அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

இதில் பலரும் கவனிக்காத இன்னொரு சங்கதி இருக்கிறது. திரையில் இருக்கும் அத்தனை பிக்ஸலுக்கும் சிப் படம் வரைவதில்லை. குவெஸ்ட் 2-க்கு கேம் எழுதுகிறவர்களுக்கு மெட்டா கொடுத்த இயல்பு அளவு ஒரு கண்ணுக்கு 1440 × 1584. திரையின் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. அதை இழுத்து நிரப்பித்தான் நமக்குக் காட்டுகிறது. போதாததற்கு, லென்ஸ் படத்தை வளைத்துவிடும் என்பதால், சிப் முன்கூட்டியே எதிர்ப்பக்கம் வளைத்து அனுப்ப வேண்டும். அப்படி வளைக்கும்போது நடுப்பகுதி இழுபடும். நடுவில் கூர்மை கெடாமல் இருக்க, திரையில் உள்ளதைவிட அதிகப் பிக்ஸலுக்கு வரைந்திருக்க வேண்டும். வரைவதோ குறைவு. ஆக, குவெஸ்ட் 2-இல் மங்கலாகத் தெரியும் பல கேம்களில் குற்றவாளி திரை அல்ல, சிப்.

குவெஸ்ட் 3-இல் இயல்பு அளவு 1680 × 1760. அதன் ஸ்னாப்டிராகன் எக்ஸ்ஆர்2 இரண்டாம் தலைமுறைச் சிப்புக்குப் படம் வரையும் திறன் முந்தையதைப் போல இரு மடங்கு என்கிறார்கள் தயாரித்தவர்கள். இப்போது 3எஸ் ஏன் முழு ஏமாற்று வேலை அல்ல என்பது விளங்கும். திரை பழைய அளவுதான். ஆனால் கேமை எழுதியவர்கள் புது சிப்பின் சக்தியைப் பயன்படுத்தி அதிகப் பிக்ஸலுக்கு வரைந்தால், அதே 1832 × 1920 திரையில் படம் தெளிவாக வரும். பயன்படுத்திக்கொள்ளாத கேமில் வித்தியாசம் தேட வேண்டியதுதான். சினிமா பார்ப்பதற்கு வைத்திருப்பவருக்கு இந்த வாதமும் உதவாது. வீடியோவில் சிப் வரைய எதுவுமில்லை. அங்கே திரையும் லென்ஸும்தான் எல்லை.

லென்ஸ்தான் இந்த முழுக் கதையின் மையம் என்பது என் எண்ணம். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பிரான்ஸில் ஜிரோந்து கழிமுகம் கடலில் கலக்கும் இடத்தில் கோர்துவான் என்றொரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. 1823-இல் அங்கே ஆகுஸ்தன் ஃபிரெனெல் என்ற இயற்பியலாளர் வடிவமைத்த லென்ஸைப் பொருத்தினார்கள். விளக்கின் வெளிச்சத்தைத் திரட்டிக் கடலுக்கு அனுப்ப ஒரு பெரிய குவிலென்ஸ் வேண்டும். ஆனால் அவ்வளவு பெரிய கண்ணாடியை வார்த்தால் அதன் பாரம் தாங்காது, நடுவில் தடித்த கண்ணாடி வெளிச்சத்தையும் விழுங்கிவிடும். ஒளியை வளைப்பது கண்ணாடியின் மேற்பரப்பின் சாய்வுதான், உள்ளே இருக்கும் தடிமன் சும்மா இருக்கிறது என்பது ஃபிரெனெலின் அடிப்படை. சும்மா இருப்பதை எடுத்துவிட்டு, சாய்வை மட்டும் வளையம் வளையமாகப் பிரித்து ஒரே தளத்தில் அடுக்கினார். லென்ஸ் மெலிந்தது.

ஹெட்செட் செய்தவர்களுக்கும் இதே பிரச்சினைதான். கண்ணுக்கு மிக அருகே உள்ள திரையைக் கண் பார்க்க வேண்டுமென்றால் வலுவான குவிலென்ஸ் வேண்டும். அதைத் தலையில் சுமக்க முடிய வேண்டும். பிளாஸ்டிக்கில் வார்த்த ஃபிரெனெல் லென்ஸ் மலிவாகவும் லேசாகவும் கிடைத்தது. 2016-இல் வந்த ஆக்குலஸ் ரிஃப்ட் முதல் குவெஸ்ட் 2 வரை அதுதான்.

கலங்கரை விளக்கில் தொந்தரவு தராத ஒன்று இங்கே தந்தது. ஒவ்வொரு வளையமும் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் ஒரு செங்குத்துப் படி இருக்கிறது. அந்தப் படியில் பட்ட ஒளி போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் சிதறும். கப்பல்காரருக்கு அதனால் நஷ்டமில்லை. நமக்கோ கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் எழுத்திலிருந்து ஒளிக்கீற்றுகள் கிளம்பி நாலாபக்கமும் ஓடும். கேம் தொடங்குமுன் தலைப்பு வருகிறதே, அங்கேதான் இது கண்ணை உறுத்தும். இன்னொன்று, இந்த லென்ஸ்களில் நடுவில் ஒரு சிறிய வட்டம்தான் முழுத் தெளிவு. கண்ணை மட்டும் ஓரத்துக்கு உருட்டினால் மங்கல். எனவே குவெஸ்ட் 2 பயன்படுத்துகிறவர் தெரிந்தோ தெரியாமலோ ஒரு பழக்கத்துக்கு வந்துவிடுகிறார்: பார்க்க வேண்டியதற்குக் கண்ணைத் திருப்பாமல் தலையைத் திருப்புவார். நாள் முழுக்க நாம் செய்வது நேரெதிர். சிறிய திரும்பலுக்குக் கண், பெரிய திரும்பலுக்குத்தான் தலை.

குவெஸ்ட் 3-இல் வந்த பான்கேக் லென்ஸ் வேறு வழியில் போகிறது. திரைக்கும் கண்ணுக்கும் நடுவே ஒளிக்குத் தேவையான தூரத்தை அது மடித்து வைக்கிறது. திரையிலிருந்து வரும் ஒளி முதலில் பாதி ஒளியை விடும், பாதியைத் திருப்பும் ஒரு மென்பூச்சு ஆடியைக் கடக்கிறது. லென்ஸுக்குள் போய் மறுகோடியில் ஒரு படலத்தில் மோதுகிறது. அந்தப் படலம் ஒளி அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்று பார்த்து அனுமதிக்கும். முதல்முறை வந்த ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. திரும்பிய ஒளி பாதி ஆடியில் பட்டு மறுபடி முன்னே வருகிறது. இந்தப் போக்குவரத்தில் அதன் அதிர்வுத் திசை மாறியிருப்பதால், இம்முறை படலம் வழிவிடுகிறது. ஒரே இடத்தை ஒளி மூன்று முறை கடந்துவிட்டது. மூன்று நடை நடந்த தூரம், ஒரு நடையின் இடத்தில் அடங்கிவிட்டது. ஹெட்செட்டின் முன்பக்கம் மெலிகிறது. வளையப் படிகள் இல்லாததால் ஒளிக்கீற்றுத் தொல்லை பெருமளவு ஒழிகிறது. தெளிவு நடுவிலிருந்து ஓரம் வரை பரவுகிறது, கண்ணை உருட்டிப் பார்க்க முடிகிறது.

விலை இல்லாமல் இது வரவில்லை. பாதி ஆடியில் முதலில் பாதி ஒளி போச்சு, திரும்பி வரும்போது மிச்சத்தில் பாதி போச்சு. எல்லாம் சரியாக நடந்தாலும் கால் பங்குதான் கண்ணுக்கு வரும். ஓஎல்இடி திரையாக இருந்தால் அதன் ஒளி எல்லாத் திசையிலும் அதிர்வதால் அங்கேயே இன்னொரு பாதி போகும். எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். இழந்ததை ஈடுகட்டத் திரையைப் பிரகாசமாக எரிக்க வேண்டும். பேட்டரி அதைக் கொடுக்க வேண்டும். குவெஸ்ட் 3-இன் பேட்டரி குவெஸ்ட் 2-இல் இருந்ததைவிடப் பெரியது. ஆனால் நிறுவனம் சொல்லும் நேரம் சராசரி 2.2 மணி. குவெஸ்ட் 2-க்குச் சொன்னது 2 முதல் 3 மணி. பெரிய பேட்டரி போட்டும் நேரம் கூடவில்லை.

கறுப்பு நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019-இல் வந்த முதல் குவெஸ்ட்டில் ஓஎல்இடி திரை. அதில் கறுப்பு என்றால் அந்தப் பிக்ஸல் அணைந்தே இருக்கும். குவெஸ்ட் 2-இலும் 3-இலும் எல்சிடி. பின்னாலிருந்து விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் நள்ளிரவுகூடச் சாம்பல் நிறம்தான். முதல் குவெஸ்ட்டில் விண்வெளி கேம் ஆடியவர் 3-க்கு மாறினால் நட்சத்திரங்கள் கூர்மையாகும், வானம் வெளுத்துப்போகும். சோனியின் பிளேஸ்டேஷன் விஆர்2 ஓஎல்இடி-யையும் ஃபிரெனெல் லென்ஸையும் சேர்த்து வைத்திருக்கிறது. அதில் வானம் கறுப்பு, ஓரம் மங்கல். இரண்டும் வேண்டுமென்றால் பணப்பையைத் திறக்க வேண்டும்.

அடுத்து ஓர் எளிய அளவு. கண்ணாடிக் கடையில் பிரேம் பொருத்துகிறவர் ஸ்கேலை மூக்கின் மேல் வைத்து 'பி.டி.' பார்ப்பார், நினைவிருக்கலாம். இரண்டு கண்பாவைகளுக்கும் நடுவே உள்ள தூரம். பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மி.மீ.; ஆளுக்கு ஆள் ஐம்பதுகளின் தொடக்கத்திலிருந்து எழுபதுகள் வரை மாறும். பெண்களின் சராசரி ஆண்களைவிடச் சுமார் 2 மி.மீ. குறைவு. லென்ஸின் நடுப்புள்ளி கண்பாவைக்கு நேராக இருந்தால்தான் தெளிவு. விலகினால் மங்கல், கண்வலி, தலைவலி.

முதல் குவெஸ்ட்டில் இதற்கு ஒரு நகர்த்தும் பொத்தான் இருந்தது. எந்த அளவிலும் நிறுத்தலாம். குவெஸ்ட் 2-இல் அதை எடுத்துவிட்டு 58, 63, 68 என்று மூன்றே இடங்களை வைத்தார்கள். புதியதில் வசதி குறைந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. குவெஸ்ட் 3-இல் அந்த வசதி ஒரு திருகாகத் திரும்ப வந்தது. 3எஸ்-இல் மறுபடி அதே மூன்று இடங்கள். இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றும். ஆனால் 2020-இல் கே ஸ்டானியும் இன்னும் இரு ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, வி.ஆர்.-இல் பெண்களுக்கு அதிகமாகக் குமட்டல் வருவதற்கு முக்கியக் காரணம் இந்தத் தூரம் பொருந்தாமையே என்று கண்டது. லென்ஸ் தூரம் சரியாகப் பொருந்திய பெண்களுக்கு ஆண்களைப் போலத்தான் இருந்தது. பெண்களின் உடல்வாகைக் குறை சொல்லிக்கொண்டிருந்த ஒரு விவகாரத்தில், குறை கருவியின் ஒரு சறுக்குப் பள்ளத்தில் இருந்திருக்கிறது. உங்கள் பி.டி. 63 என்றால் குவெஸ்ட் 2-இல் உங்களுக்கு எதுவும் குறையில்லை. 65.5 அல்லது 72 என்றால், எத்தனை பிக்ஸல் கூட்டினாலும் கிடைக்காத தெளிவு 3-இன் திருகில் கிடைக்கும். எந்த எண்ணையும் பார்ப்பதற்கு முன் இந்த எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணாடிச் சீட்டிலேயே பல சமயம் எழுதியிருக்கும்.

குமட்டலில் பி.டி. ஒரு காரணம்தான். பெரிய காரணம் உள்காதில் இருக்கிறது. தலை திரும்புவதை அங்குள்ள மூன்று அரைவட்டக் குழல்களும், நேர்கோட்டில் நகர்வதை அருகிலுள்ள சுண்ணாம்புத் துகள் பைகளும் உணர்கின்றன. கண் சொல்வதும் காது சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் மூளை வயிற்றைப் புரட்டுகிறது. இதில் இரண்டு வகை உண்டு. தலையைத் திருப்பியும் படம் தாமதமாகத் திரும்புவது ஒரு வகை. 1968-இல் ஐவன் சதர்லாந்து தலையில் மாட்டும் முதல் கணினித் திரையைச் செய்தபோது, தலை எங்கே இருக்கிறது என்று அளக்கும் கம்பி கூரையிலிருந்து இறங்கி வந்தது. இன்று கேமராக்களும் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அளக்கும் அசைவு உணரிகளும் அந்த வேலையைச் செய்கின்றன. தலை அசைந்ததிலிருந்து படம் மாறுவது வரை 20 மில்லிசெகண்டுக்குள் முடிந்தால் பெரும்பாலானோர் தாமதத்தை உணர்வதில்லை. குவெஸ்ட் 2 அந்த எல்லைக்குள் வந்துவிட்ட கருவி. திரை நொடிக்கு 72 முறை மாறினால் ஒரு படத்துக்கு 13.9 மில்லிசெகண்டு, 90 என்றால் 11.1, 120 என்றால் 8.3. போதாத நேரத்தில் தலை அடுத்து எங்கே இருக்கும் என்று ஊகித்து, வரைந்து முடித்த படத்தையே கடைசி நொடியில் நகர்த்திக் காட்டும் தந்திரமும் இருக்கிறது. சிப் திணறி படம் தவறும் கேம்களில் மட்டும் புதியது உதவும்.

இரண்டாவது வகை, நாற்காலியில் உட்கார்ந்தபடி கைக்கருவியின் குச்சியைத் தள்ளிக் கேமுக்குள் ஓடுவது. கண் ஓடுகிறோம் என்கிறது, காது உட்கார்ந்திருக்கிறோம் என்கிறது. இங்கே கருவி செய்த தவறு எதுவுமில்லை. சொல்லப்போனால் படம் எவ்வளவு நிஜமாகிறதோ, பார்வைப் பரப்பு எவ்வளவு விரிகிறதோ, முரண்பாடும் அவ்வளவு கூர்மையாகலாம். கேம்கள் ஓடும்போது காட்சியின் ஓரங்களை இருட்டாக்குவது இதனால்தான். குச்சி தள்ளும் கேமில் தலைசுற்றுகிறது, புது ஹெட்செட் வாங்கினால் சரியாகுமா என்று யாராவது கேட்டால் நான் வேண்டாம் என்பேன். அமைப்புகளில் போய் 'தாவிச் செல்' என்று மாற்றினால் போதும், காசு செலவில்லை.

கண்வலிக்கும் இதே மாதிரி ஒரு தீராத கணக்கு இருக்கிறது. 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டன் இரண்டு கண்ணுக்கு இரண்டு படம் காட்டி ஆழத்தை உண்டாக்கலாம் என்று காட்டினார். வி.ஆர். இன்றுவரை அந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. நிஜ உலகில் அருகே உள்ள பொருளைப் பார்க்கும்போது கண் இரண்டு வேலை செய்கிறது. இரு விழிகளும் உள்நோக்கித் திரும்புகின்றன. விழிக்குள் உள்ள லென்ஸ் தடித்துக் குவியத்தை மாற்றுகிறது. பிறந்ததிலிருந்து இவை இரண்டும் ஒன்றாகவே நடந்து பழகியவை. ஹெட்செட்டில் ஒரு பூச்சி மூக்கருகே வந்தால் விழிகள் அதை நோக்கித் திரும்பும். ஆனால் ஒளி வருவதோ குறிப்பிட்ட ஒரே தூரத்திலிருந்து. குவெஸ்ட் 2-இல் அது சுமார் 1.3 மீட்டர். திரும்பல் ஒரு தூரத்துக்கு, குவியம் இன்னொரு தூரத்துக்கு. கலிபோர்னியாவில் மார்ட்டின் பேங்க்ஸின் குழு 2008-இல் இந்த முரண்பாட்டைத் தனியாகப் பிரித்துச் சோதித்தது. கண் களைப்புக்கு அது உண்மையான காரணம் என்று நிறுவியது. மெட்டாவின் ஆய்வுக்கூடம் 'ஹாஃப் டோம்' என்ற பெயரில், கண் பார்க்கும் இடத்துக்கு ஏற்பக் குவியம் மாறும் மாதிரிகளைச் செய்து 2018-இலிருந்து காட்டியிருக்கிறது. குவெஸ்ட் 3-இல் அது வரவில்லை. விஷன் ப்ரோவிலும் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் நுணுக்கமாக ஏதாவது செய்து கண் களைத்துப்போகிறவர்களுக்கு இன்றைய கடையில் மருந்து கிடையாது.

இதே 1.3 மீட்டர் ஒரு தவறான நம்பிக்கையையும் உடைக்கிறது. திரை கண்ணுக்கு அருகில் இருப்பதால் கிட்டப்பார்வைக்காரருக்குக் கண்ணாடி வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு. திரை அருகில்தான், ஆனால் லென்ஸ் அதைக் கண்ணுக்கு 1.3 மீட்டரில் இருப்பதாகக் காட்டுகிறது. மைனஸ் 0.75 வரை பவர் உள்ளவர் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். மைனஸ் 3 என்றால் கண்ணாடி வேண்டும். போட்டுக்கொண்டே மாட்டினால் இரண்டு லென்ஸும் உரசிக் கீறல் விழும். ஹெட்செட்டுக்குள் பொருத்தும் பவர் லென்ஸ் தனியாகக் கிடைக்கிறது. மங்கல் என்று புலம்பும் சிலருக்கு உண்மையில் வேண்டியது அதுதான்.

கழுத்து வலி. குவெஸ்ட் 2-இன் எடை 503 கிராம், குவெஸ்ட் 3 515 கிராம். கூடித்தான் இருக்கிறது, 12 கிராம். ஆனால் கழுத்து எடையை மட்டும் சுமப்பதில்லை. அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சுமக்கிறது. இடுப்பில் வைத்த குடமும் கையை நீட்டிப் பிடித்த குடமும் ஒரே எடைதான், எது வலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பான்கேக் லென்ஸால் மெலிந்த முன்பக்கம் முகத்தோடு ஒட்டி நிற்பதால் 3 சற்று லேசாகப்படுகிறது. ஆனால் இதைவிடப் பெரிய வித்தியாசத்தைப் பின்பக்கம் எடை வைத்த பட்டை தரும். ஆப்பிள் 2025 அக்டோபரில் விஷன் ப்ரோவைப் புதுப்பித்தபோது கூடவே வந்த பட்டையில், எதிர் எடைக்காகப் பின்னால் டங்ஸ்டன் வைத்துத் தைத்திருந்தார்கள். மொத்த எடை கூடியது, முகத்தில் அழுத்தம் குறைந்தது. குவெஸ்ட் 2-உடன் வந்த துணிப் பட்டையை இன்னும் மாற்றாமல் இருப்பவர், புது ஹெட்செட் விலையில் சிறு பங்குக்கு, பின்னால் பேட்டரி வைத்த பட்டையை முதலில் வாங்கிப் பார்க்கலாம். விளையாடும் நேரமும் கூடும்.

அறையைக் கேமரா வழியாகப் பார்ப்பதில் மட்டும் ஒப்பீடே இல்லை. குவெஸ்ட் 2 அசைவைப் பின்தொடரும் கேமராக்களையே கடன் வாங்கிப் புகைமூட்டமான கறுப்பு வெள்ளையில் காட்டும். 3-இலும் 3எஸ்-இலும் வண்ணக் கேமராக்கள் உள்ளன. மேசையில் இருக்கும் நிஜ பியானோவின் மேல் எந்தக் கட்டையை அழுத்த வேண்டும் என்று காட்டும் செயலிகள் போன்றவை வேண்டுமென்றால் பழையதை வைத்துக்கொண்டு யோசிப்பதில் பயனில்லை. வேண்டாதவருக்கு இது தண்ணீர் எடுத்துவர எழுந்து போகும்போது பயன்படும் வசதி, அவ்வளவுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணாடி, சிப், எடை. ஒரு ஹெட்செட்டைக் கடைசியில் சாகடிப்பது இவற்றில் எதுவும் இல்லை. எச்பி நிறுவனத்தின் ரெவெர்ப் ஜி2, 2020-இல் வந்தது. ஒரு கண்ணுக்கு 2160 × 2160 பிக்ஸல், மூன்று வருடம் கழித்து வந்த குவெஸ்ட் 3-ஐவிடவும் அதிகம். விமானம் ஓட்டும் கேம்காரர்கள் அதைத் தேடித் தேடி வாங்கினார்கள். அது இயங்கியது மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற மென்பொருளில். 2023 டிசம்பரில் அதைக் கைவிடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2024 இலையுதிர் காலத்தில் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து அது நீக்கப்பட்டது. லென்ஸில் கீறலில்லை, திரையில் புள்ளியில்லை. கணினியை அப்டேட் செய்தவர்களுக்கு ஹெட்செட் நின்றுபோனது.

குவெஸ்ட் வரிசையில் இது மெதுவாக நடக்கிறது. முதல் குவெஸ்ட்டுக்குப் புது வசதிகள் நின்றுவிடும் என்று 2023 ஜனவரியில் சொன்னார்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஆகஸ்ட் வரை. 2024 அக்டோபரில் வந்த 'பேட்மேன்: ஆர்க்கம் ஷேடோ' கேம் 3-இலும் 3எஸ்-இலும் மட்டும்தான் ஓடும். இப்படி ஒவ்வொன்றாகக் கதவு மூடும். எனவே மாற்றும் நாளைக் குறிப்பது விளம்பரமாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் அன்றாடம் திறக்கும் நான்கைந்து செயலிகளில் ஒன்று உங்கள் கருவியைக் கைவிடும்போது அந்த நாள் தானாக வரும்.

குவெஸ்ட் 2-இலிருந்து 3-க்கு மாற மிக வலுவான காரணம் லென்ஸ்தான் என்று எனக்குப் படுகிறது. எழுத்து படிப்பவர், கணினித் திரையை உள்ளே விரித்து வேலை செய்பவர், சினிமா பார்ப்பவர், பி.டி. மூன்று பள்ளத்திலும் விழாதவர், இவர்களுக்கு முதல் நாளே வித்தியாசம் தெரியும். தாளத்துக்கு வாள் வீசுகிறவருக்கும் உடற்பயிற்சிக்காகக் குத்துகிறவருக்கும் பெரிதாகத் தெரியாது. அந்த வேகத்தில் யாரும் ஓரத்தை உற்றுப் பார்ப்பதில்லை. குவெஸ்ட் 2 வைத்திருப்பவர் 3எஸ்-க்குப் போவது ஒரு குறிப்பிட்ட கேமுக்காக என்றால் சரி, தெளிவுக்காக என்றால் பாதி வழியில் இறங்கியதுதான். மற்றபடி அது முதன்முறை வாங்குகிறவருக்கான பெட்டி. மாதத்துக்கு ஒருமுறைகூடப் பீரோவிலிருந்து வெளியே வராத ஹெட்செட்டின் இடத்தில் புதியதை வைத்தால், அதுவும் அதே பீரோவுக்குத்தான் போகும்.

பழையதை விற்கிறீர்களானாலும் வாங்குகிறீர்களானாலும் திரையை ஒருமுறை முழு வெள்ளையாக்கிப் பாருங்கள். மஞ்சளாகவோ கறுப்பாகவோ ஒரு கோடோ புள்ளியோ தெரிந்தால் அது பெரும்பாலும் வெயிலின் வேலை. லென்ஸ் வெளியே பார்த்தபடி சன்னலோரம் வைத்தால், திரையைக் கண்ணுக்குப் பெரிதாக்கும் அதே குவிலென்ஸ் சூரியனைத் திரையின் மேல் குவித்துவிடும். சில நிமிடம் போதும், பழுது நிரந்தரம். 3,499 டாலர் கொடுத்தாலும் 299 டாலர் கொடுத்தாலும் இந்த ஆபத்து ஒன்றுதான்.